பயிற்சிக்குப் போக வேலையை விட்டால் வேலையின்மைப் பணம் கிடைக்குமா? கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டிலோ, புதுச்சேரி மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளிலோ ஐந்தாறு வருஷம் ஹெல்ப்பராகவே ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் தோன்றும்: வேலையை விட்டுவிட்டு வெல்டிங்கோ, சி.என்.சி.யோ, ஏ.சி. மெக்கானிக்கோ முறையாகப் படித்தால் என்ன? உடனே அடுத்த கேள்வியும் வந்துவிடும். படிக்கிற காலத்தில் வீட்டுச் செலவுக்கு அரசாங்கம் ஏதாவது தருமா? அதற்கும் அதைச் சுற்றி வரும் கேள்விகளுக்கும்தான் இந்தப் பக்கம். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களை, அதாவது மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

நானே ராஜினாமா செய்துவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தால் வேலையின்மைப் பணம் வருமா?

வராது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் வேலையின்மைப் பணம் என்று இருப்பது பெரும்பாலும் இ.எஸ்.ஐ. வழியாக வருவது. அது வேலை பறிபோனவர்களுக்கு. தானாக விட்டவர், விருப்ப ஓய்வு வாங்கியவர், வயதாகி ஓய்வு பெற்றவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர் ஆகியோருக்கு இல்லை. எந்த நல்ல காரணத்துக்காக விட்டீர்கள் என்று அங்கே பார்க்க மாட்டார்கள். படிக்கப் போனாலும் சரி, சும்மா வீட்டில் இருந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

ஆகவே ராஜினாமாவுக்கு முன் போடுகிற வரவு செலவுக் கணக்கில் இந்தப் பணத்தைச் சேர்க்காதீர்கள். வேறு வழியில் வரக்கூடியவை சில உண்டு. அவற்றைக் கீழே சொல்கிறேன்.

அப்படியானால் இ.எஸ்.ஐ.யில் 90 நாள் பணம் தருகிறார்கள் என்று சொல்வது பொய்யா?

பொய் இல்லை. அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம், 2018 ஜூலை 1 முதல் நடக்கிறது. முதலில் சராசரி நாள் சம்பளத்தில் 25 சதவீதம் கொடுத்தார்கள். கொரோனா வந்தபோது 50 சதவீதமாக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், அதுவும் வாழ்நாளில் ஒரே தடவை.

தகுதி இதுதான். வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு வருஷம் இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்குச் சற்று முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று.

எவ்வளவு வரும்? நான்கு பங்களிப்புக் காலங்களின் மொத்தச் சம்பளத்தை 730ஆல் வகுப்பார்கள். மாதம் 15,000 ரூபாய் வீதம் 24 மாதமும் வாங்கியிருந்தால் மொத்தம் 3,60,000. வகுத்தால் நாளுக்கு 493 ரூபாய் சொச்சம், அதில் பாதி 246 ரூபாய் சொச்சம். 90 நாளுக்குச் சுமார் 22,190 ரூபாய். இடையில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் இருந்திருந்தால் வகுக்கும் எண் குறையாது, மேலே உள்ள தொகைதான் குறையும். அப்போது கையில் வருவது சுமார் 16,640. லீவு போட்டு ஊர் சுற்றிய மாதங்கள் இங்கேதான் பழிவாங்கும்.

வேலை போன 30 நாளிலிருந்து கோரலாம். இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் காப்பீட்டு எண்ணில் நுழைந்து விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரும் வங்கிக் கணக்கும் சரியாக இணைந்திருக்கட்டும். பணம் நேராகக் கணக்குக்கு வரும். சோதனை முயற்சியாகத் தொடங்கிய திட்டம் என்பதால் அவ்வப்போது காலத்தை நீட்டித்தே நடத்துகிறார்கள். விண்ணப்பிக்கும் தேதியில் நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷம் பணம் வரும் திட்டம் ஒன்றும் உண்டாமே?

ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா. 2005 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. கம்பெனி மூடப்பட்டால், சட்டப்படி ஆள்குறைப்பு நடந்தால், அல்லது வேலை சம்பந்தமில்லாத விபத்தில் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஏற்பட்டால் கிடைக்கும். முதல் 12 மாதம் சராசரிச் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு.

பயிற்சி என்று பார்த்தால் கவனிக்க வேண்டியது இதைத்தான். இந்தத் திட்டத்தில் இருப்பவர்களுக்குத் தொழிற்பயிற்சிக் கட்டணத்தையும் போக்குவரத்துச் செலவையும் இ.எஸ்.ஐ. கழகமே ஏற்கிறது. அதாவது பயிற்சியும் வேலையின்மைப் பணமும் ஒன்றாக வரும் வழி நம்மிடம் இருக்கிறது. ஆனால் வேலை பறிபோனவருக்குத்தான் அது திறக்கும்.

கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். எச்.ஆர். கூப்பிட்டு, "நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், செட்டில்மென்ட் சீக்கிரம் போட்டுத் தருகிறோம்" என்கிறார். எப்படியும் நான் ஐ.டி.ஐ. போகலாம் என்றுதான் இருந்தேன். எழுதிக் கொடுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எழுதிக் கொடுக்காதீர்கள். பயிற்சிக்குப் போகும் யோசனை உங்கள் மனதில் இருப்பது வேறு விஷயம். ஆளைக் குறைப்பது அவர்கள். "சொந்தக் காரணங்களுக்காக என் பணியிலிருந்து விலகுகிறேன்" என்று அவர்களே டைப் செய்து வைத்த தாளில் கையெழுத்துப் போட்டால், அந்த ஒரு வரியில் நான்கு விஷயங்கள் கைவிட்டுப் போகும்.

முதலாவது, ஆள்குறைப்பு இழப்பீடு. ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரைக் குறைத்தால், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தர வேண்டும். ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தனி. பழைய 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்திலும் இது இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

இரண்டாவது, மறுதிறன் நிதி. இது புதிய சட்டத் தொகுப்பில் வந்தது, இன்னும் பல பேருக்குத் தெரியாது. ஆள்குறைப்புக்கு ஆளான ஒவ்வொரு தொழிலாளருக்காகவும் முதலாளி, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 15 நாள் தொகையை ஒரு நிதியில் கட்ட வேண்டும். 45 நாளுக்குள் அது தொழிலாளரின் கணக்கில் சேர வேண்டும். புதுத் தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்பதற்காகவே வைத்த பணம். பயிற்சிக்குப் போக நினைக்கிற நீங்களே அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பீர்களா?

மூன்றாவதும் நான்காவதும் மேலே சொன்ன இரண்டு இ.எஸ்.ஐ. திட்டங்கள்.

கையெழுத்து மட்டுமில்லை, கம்ப்யூட்டரில் ஒரு குறிப்பும் ஏறும். மாதாமாதம் இ.எஸ்.ஐ. பங்களிப்பு ஏற்றும்போது, சம்பளம் இல்லாத ஆளின் பெயருக்கு நேராகக் கம்பெனி ஒரு காரணக் குறியீடு போட வேண்டும். 2 என்றால் 'லெஃப்ட் சர்வீஸ்', வேலையை விட்டார். 10 என்றால் 'ரிட்ரென்ச்மென்ட்', ஆள்குறைப்பு. 11 என்றால் 'நோ வொர்க்', வேலை இல்லை. பல இடங்களில் கணக்குப் பிள்ளை யோசிக்காமல் எல்லோருக்கும் 2 போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்துப் பணம் கேட்டு நிற்கும்போதுதான் அந்த 2 தெரியவரும். கடைசி நாளிலேயே கேளுங்கள்: "சார், இ.எஸ்.ஐ.யில் எனக்கு என்ன ரீசன் போடப்போறீங்க?" பதிலை வாட்ஸ்அப்பிலாவது வாங்கி வையுங்கள்.

மிரட்டினால்? "எழுதிக் கொடுக்கவில்லையென்றால் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் தர மாட்டோம்" என்பது வழக்கமான மிரட்டல். அங்கேயே சண்டை போட வேண்டாம். "வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அன்று சாயங்காலமே, ராஜினாமா செய்யச் சொல்லிக் கேட்டார்கள், நான் செய்யவில்லை, வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன் என்று கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சலோ ஒப்புகையுடன் பதிவுத் தபாலோ அனுப்புங்கள். பிறகு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு. சங்கம் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தலைகீழாக, நான் விடுகிறேன், ஆனால் ஆள்குறைப்பு என்று போடச் சொல்லி கேட்டால்?

வேண்டாம். பொய்யான தகவல் கொடுத்து இ.எஸ்.ஐ. பணம் வாங்குவது தண்டனைக்குரிய குற்றம். அப்படித் தண்டனை பெற்றவருக்கு வேலையின்மைத் திட்டத்தில் தகுதியே போய்விடும். கம்பெனியும் ஒத்துக்கொள்ளாது. ஆள்குறைப்பு என்று போட்டால் இழப்பீடு தர வேண்டுமே.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தரும் உதவித்தொகையை வாங்கிக்கொண்டு படிக்கலாமா?

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. பத்தாம் வகுப்பு தோற்றவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருஷம் தருவார்கள். பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருந்திருக்க வேண்டும், பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வயது 40க்குள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 45க்குள். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வருஷப் பதிவே போதும், தொகையும் கூடுதல், பத்து வருஷம் வரை கிடைக்கும்.

பள்ளி, கல்லூரியில் நேரடியாகப் படிப்பவருக்கு இது கிடையாது. தொலைதூரக் கல்வி என்றால் தடை இல்லை. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் படித்துக்கொண்டே வாங்கலாம், பகல்நேர ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டு வாங்க முடியாது. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் முடித்தவர்களுக்கும் இல்லை.

உண்மையைச் சொன்னால், 300 ரூபாய் கடலூரிலிருந்து நெய்வேலிக்கு நாலைந்து தடவை போய் வருவதற்குள் தீர்ந்துவிடும். தகுதி இருந்தால் வாங்குங்கள். இதை நம்பி வேலையை விடாதீர்கள்.

வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில். எந்த ஊர்க் கணக்கு?

இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் மத்திய அரசு சம்பந்தப்பட்டவை. ஆல்பேட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது அங்கே பெரிய பேச்சு இல்லை. விதி ஒன்றே, எண் ஒன்றே. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மட்டும் குடியிருக்கும் ஊரைப் பொறுத்தது. தமிழ்நாட்டு உதவித்தொகை தமிழ்நாட்டுக்காரருக்குத்தான். பாகூரிலோ கன்னியகோயிலிலோ குடியிருந்துகொண்டு கடலூரில் விண்ணப்பிக்க முடியாது. உங்கள் பி.எஃப். எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று குழப்பமாக இருந்தால் மெம்பர் ஐ.டி.யின் முதல் ஐந்து எழுத்துகளைப் பாருங்கள். முதல் இரண்டு மண்டலம், அடுத்த மூன்று அலுவலகம்.

சரி, வேலையின்மைப் பணம் இல்லை. பயிற்சி நடக்கும்போது வேறு எந்த வழியில் பணம் வரும்?

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸும் உண்டு. கடலூர் செம்மண்டலத்தில் ஒன்று இருக்கிறது, நெய்வேலியிலும் சிதம்பரத்திலும் இருக்கின்றன. ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. "இந்த வயசுல பசங்களோட போய் உட்கார்றதா" என்று தயங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஐ.டி.ஐ. படிப்பும் அதில் சேரும். ஆனால் இது பள்ளி முடித்து மேலே படிக்கப் போகும் பிள்ளைகளைக் குறிவைத்த திட்டம். பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் சேரும்போதே அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சொந்தத் தொழில் எண்ணம் இருந்தால், இந்தியன் வங்கி கடலூரிலும் புதுச்சேரியிலும் நடத்தும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தைப் பாருங்கள். செல்போன் பழுது, தையல், ஏ.சி. மெக்கானிக் போன்றவை, பெரும்பாலும் சில வாரப் பயிற்சிகள்தான். சாப்பாடும் இலவசம், பயிற்சியும் இலவசம். சில வாரம்தான் என்பதால் லீவு எடுத்துக்கொண்டே முடிக்கலாம், வேலையை விட வேண்டியதில்லை.

அப்ரென்டிஸ் இன்னொரு வழி. நெய்வேலி என்.எல்.சி. போன்ற இடங்களில் எடுக்கிறார்கள். மாதா மாதம் உதவித்தொகை வரும். ஆனால் 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டப்படி நீங்கள் பயிற்சியாளர், தொழிலாளர் இல்லை. அந்தக் காலத்தில் இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடித்தம் ஓடாது. முந்தைய இ.எஸ்.ஐ. சேவையை அடிப்படையாக வைத்துப் பிற்பாடு கோரலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடைவெளியையும் கணக்கில் எடுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் உடனே எடுக்க முடியும் என்று நினைக்காதீர்கள். 2018 கடைசியிலிருந்து இருந்த முறை: வேலை விட்டு ஒரு மாதமானால் 75 சதவீதம், இரண்டு மாதமானால் மீதியும். 2025 அக்டோபர் 13 அன்று கூடிய மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது. அதன்படி 25 சதவீதம் குறைந்தபட்ச இருப்பாகக் கணக்கில் கிடக்கும், முழுவதையும் எடுக்க 12 மாதம் வேலையில்லாமல் இருக்க வேண்டும், பென்ஷன் பகுதிக்கு 36 மாதம். விண்ணப்பிக்கும் நாளில் போர்ட்டலில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதுதான் பேச்சு. கணக்குப் போடும்போது 75 சதவீதத்தை வைத்தே போடுங்கள்.

கம்பெனி வெளியேறிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போர்ட்டலில் 'மார்க் எக்ஸிட்' போடலாம். மொத்தச் சேவை ஐந்து வருஷம் ஆகாமல் எடுத்தால் வரி பேச்சு வரும். 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் 10 சதவீதம் பிடிப்பார்கள், பான் இணைக்கவில்லையென்றால் அதைவிட அதிகம். பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். படித்து முடித்து வேறு வேலையில் சேர்ந்தால், பென்ஷனுக்குத் தேவையான பத்து வருஷக் கணக்கு தொடரும்.

வேலையை விட்டால் இ.எஸ்.ஐ. வைத்தியமும் நின்றுவிடுமா? வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை அங்கேதான் வாங்குகிறோம்.

உடனே நிற்காது. ஏப்ரலில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை வேலை பார்த்துவிட்டு விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 78 நாள் தாண்டியிருக்கும். அந்தப் பங்களிப்புக்கு உரிய பலன் காலம், அதாவது வைத்தியம் கிடைக்கும் காலம், அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. அதற்கு முந்தைய அக்டோபர் முதல் மார்ச் வரையிலும் 78 நாள் கட்டியிருந்தால் அந்த டிசம்பர் வரைக்கும் பலன் இருக்கும். ஆக, விட்ட பிறகும் பத்து மாதம் அம்மா மாத்திரை வாங்கலாம். கோரிமேடு இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் போகலாம். இந்தக் கணக்கைப் பார்த்து ராஜினாமா மாதத்தைத் தள்ளிப் போடுவது புத்திசாலித்தனம். ஜூன் தொடக்கத்தில் விடுவதைவிட, 78 நாள் முடிந்த பிறகு விடுவது ஆறு மாத வைத்தியத்தைக் காப்பாற்றும்.

கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடைக்கு) இன்னும் கொஞ்ச மாதம்தான் பாக்கி. காத்திருக்கலாமா?

காத்திருங்கள். ஐந்து வருஷம் முடிந்தால் ஒரு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், 26ஆல் வகுத்து. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்றால் ஐந்து வருஷத்துக்கு 43,269 ரூபாய். ஐ.டி.ஐ. சேர்க்கை ஒவ்வொரு வருஷமும் வரும். ராஜினாமா செய்தாலும் கிராஜுவிட்டி உண்டு, இதில் மட்டும் யார் விட்டது என்ற வித்தியாசம் பார்ப்பதில்லை. புதிய ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா செய்தாலும் மிச்சச் சம்பளம் இரண்டு வேலை நாளில் வர வேண்டும்.

பாரிசில் இருக்கும் அக்கா, "நீ படிக்கப் போறேன்னு ராஜினாமா பண்ணினா கவர்மென்ட் காசு தருமே" என்கிறாள்.

அக்கா சொல்வது அங்கே சரி. புதுச்சேரியில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பிரான்சில் 2019 நவம்பர் 1 முதல், தொழில் மாற்றத்துக்காக ராஜினாமா செய்பவருக்கும் வேலையின்மைப் பணம் தருகிறார்கள். கடந்த 60 மாதத்தில் 1,300 வேலை நாள் காட்ட வேண்டும். ராஜினாமாவுக்கு முன்பே ஆலோசகரைப் பார்த்துத் திட்டம் போட வேண்டும். திட்டம் உருப்படியானது என்று வட்டாரக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புதல் வந்து ஆறு மாதத்துக்குள் பிரான்ஸ் திராவாய் என்னும் வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிய வேண்டும். முதலில் ராஜினாமா செய்துவிட்டு அப்புறம் ஆலோசனைக்குப் போனால் அங்கேயும் கிடையாது. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தாலும், புதுச்சேரிக் கம்பெனியில் பார்த்த வேலைக்கு அந்தத் திட்டம் பொருந்தாது. அங்கே சம்பளம் வாங்கி அங்கே பங்களிப்புக் கட்டியவருக்குத்தான்.

படித்து முடித்து வேறு கம்பெனியில் சேரும்போது புது இ.எஸ்.ஐ. எண் போடுவார்களா?

போடச் சொல்லாதீர்கள். சேரும் அன்றே பழைய காப்பீட்டு எண்ணையும் பி.எஃப். யு.ஏ.என். எண்ணையும் எழுதிக் கொடுங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் சேர்பவர்களுக்கு அவசரத்தில் புது எண் உருவாக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அப்படி நடந்தால் இரண்டு வருஷச் சேவை இரண்டு எண்ணில் துண்டாகிவிடும், என்றாவது நிஜமாகவே வேலை பறிபோனால் தகுதிக் கணக்கு இடிக்கும். முதல் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் அதில் இருக்கும் எண் பழையதுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால் அந்த மாதமே எச்.ஆரிடம் சொல்லி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.